டி.இசட். முத்திரையை மட்டும் நம்பி 302 இன்ஜின் வாங்காதீர்கள்

1969-ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ இசட்/28 காரின் அசல் 302 இன்ஜின் (302 கன அங்குலக் கொள்ளளவு) என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை, பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். விற்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அவர் என்னை ஏமாற்றிய விதத்தை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அதே விதத்தில் இன்னொருவர் பணத்தை இழக்கக் கூடாது.

இன்ஜினின் முன்பக்கத்தில், வலப்புற சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, பிளாக்கிலிருந்து (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜினின் உடல்) சற்றே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய தட்டையான இடத்தில்தான் தொழிற்சாலை முத்திரை குத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் அவர் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார். அங்கே வி0312டி.இசட். என்று இருந்தது. 'வி' என்பது மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் தொழிற்சாலை, 0312 என்பது பாகங்களைச் சேர்த்து இன்ஜின் பூட்டப்பட்ட மார்ச் 12, 'டி.இசட்.' என்பது 1969 இசட்/28-க்கே உரிய 302 இன்ஜினின் குறியீடு. பிளாக்கின் பின்புறம், பெல்ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் உறை) பொருந்தும் விளிம்பின் இடப்பக்கத்தில், 3970010 என்ற வார்ப்பு எண் இருந்தது. 1969-இன் 302 இன்ஜினுக்கு அது சரியான எண்தான். இரண்டும் பொருந்துவதைக் கண்டதும் எனக்கு மேற்கொண்டு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: 3970010 என்ற வார்ப்பு எண் 302-க்கு மட்டும் உரியதன்று. ஷெவர்லேயின் 302, 327, 350 ஆகிய மூன்று இன்ஜின்களுக்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 4 அங்குலம்தான் என்பதால் ஒரே வார்ப்பு மூன்றுக்கும் பயன்பட்டது. அவற்றுள் 350-க்கு 1970-களின் இறுதி வரை பயன்பட்டது. இவற்றைப் பிரிப்பது ஸ்ட்ரோக், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம். 302-இல் அது 3 அங்குலம், 327-இல் 3.25, 350-இல் 3.48. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்கவே ஸ்ட்ரோக்கைக் குறைத்து 302-ஐச் செய்தார்கள். எண்ணிக்கையில் குறைவு என்பதால் இன்று அதற்கு இவ்வளவு கிராக்கி. 350 பிளாக்குகளோ ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே சாதாரண 350 பிளாக் ஒன்றின் முத்திரைத் தளத்தை இழைத்து, பழைய எழுத்துகளை அழித்து, 'டி.இசட்.' என்று புதிதாகக் குத்திவிட்டால், வெளியிலிருந்து வார்ப்பு எண்ணைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

வார்ப்புத் தேதியை நான் பார்க்கவில்லை. அது அதே பின் விளிம்பின் வலப்பக்கத்தில் இருக்கும். ஸ்டாண்டில் ஏற்றிய இன்ஜினின் அந்தப் பக்கத்தை அவர் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். அந்த இடத்தில் ஆரஞ்சுப் பெயின்ட்டும் கெட்டியாகப் பூசப்பட்டிருந்தது. இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, தின்னரில் நனைத்த துணியாலும் பித்தளைத் தூரிகையாலும் பெயின்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தேன். முதலில் 9 தெரிந்தது, பிறகு 23, கடைசியாக அதற்கு முன்னால் 'டி' என்ற எழுத்து. மாதங்களை ஏ முதல் எல் வரை எழுத்துகளால் குறிப்பார்கள் என்பதால் 'டி' என்பது ஏப்ரல். ஏப்ரல் 23-இல் வார்க்கப்பட்ட பிளாக், முத்திரையின்படி அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே, மார்ச் 12-இல், முழு இன்ஜினாகப் பூட்டப்பட்டிருக்கிறது! டார்ச் வெளிச்சத்தில் அந்த மூன்றையும் நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஆண்டின் கடைசி இலக்கத்தை மட்டுமே வார்ப்பில் இடுவதால், அந்த 9 என்பது 1969-ஆ 1979-ஆ என்பதைக்கூட அதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்ஜினைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆயில் பேனைக் கழற்றியதும் அங்கிருந்த பெரியவர், "தம்பி, மெயின் கேப்பில் இரண்டு போல்ட்தானே இருக்கிறது" என்றார். 1969-இன் 302-இல் நடுவிலுள்ள மூன்று மெயின் கேப்களுக்கும் (கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மூடிகள்) நான்கு நான்கு போல்ட்கள் இருக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றி ஸ்ட்ரோக்கை அளந்தபோது 88.4 மில்லிமீட்டர் வந்தது; 302-ஆக இருந்தால் 76.2 வந்திருக்கும். ஃபோர்ஜிங் செய்த (எஃகை அடித்து உருவாக்கிய) கிராங்க் இருக்க வேண்டிய இடத்தில், பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக் கோடு மட்டும் ஓடும் வார்ப்புக் கிராங்க் இருந்தது.

பிறகு முத்திரைத் தளத்தையே பூதக்கண்ணாடியில் காட்டினார். தொழிற்சாலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சீவிய இயந்திரம், இன்ஜினின் நீளவாக்கில் முன்னிருந்து பின்னாக நேரான நுண்கோடுகளை விட்டுச் செல்லும். என் பிளாக்கில் இருந்தவை வளைந்த கோடுகள். சுழலும் கட்டரால் இழைத்த தடம் அது. எழுத்துகளும் ஒரே ஆழத்தில் இல்லை. 'இசட்' சற்றே சாய்ந்திருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹெட் சரியாகப் பொருந்துவதற்காக நேர்மையான பட்டறைகளும் மேல்தளத்தை இழைப்பதுண்டு. அப்போது முத்திரை தேய்ந்துபோகும். தொழிற்சாலையிலேயே கோணலாகக் குத்தப்பட்டவையும் உண்டு. எனவே வளைந்த கோட்டையோ சாய்ந்த எழுத்தையோ மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஆனால் இழைத்த தடத்தின் மேலேயே எழுத்து கூர்மையாக நிற்கிறது என்றால், இழைத்த பிறகுதான் அதைக் குத்தியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் புகைப்படங்களோடு போனேன். "நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. 'அசல் டி.இசட். இன்ஜின்' என்று வாயால் சொன்னாரே தவிர ரசீதில் அவர் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

வாங்கப்போகிறவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: பின் விளிம்பின் இரு பக்கத்தையும் பெயின்ட் நீக்கிக் காட்டச் சொல்லுங்கள். வார்ப்புத் தேதி முதலில், பூட்டிய தேதி அடுத்து, கார் தயாரான தேதி கடைசியில் என்ற வரிசை மாறவே கூடாது. காரோடு சேர்த்து விற்றால், காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி முத்திரைத் தளத்திலோ ஆயில் ஃபில்டருக்கு அருகிலோ குத்தப்பட்டிருக்கும்; 1969 கமாரோவில் அது 19என் அல்லது 19எல் என்று தொடங்கும், 'என்' என்பது ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலை, 'எல்' என்பது கலிஃபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலை. ஆயில் பேனைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், 302-க்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

இந்த பிளாக்கை 350-ஆகவே சீரமைக்கிறேன். என்றாவது இது வேறொருவர் கைக்குப் போகலாம் என்பதால், அந்தப் பொய் எழுத்துகளின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு வெட்டிவிடுமாறு பட்டறைப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன்.