80 கிலோமீட்டருக்கு அப்புறம் என்ன? ரன்ஃபிளாட், ஸ்டெப்னி, பஞ்சர் கிட்: நான் எதை எடுத்தேன், ஏன்

போன வருடம் என் காரின் நான்கு டயர்களும் ஒரே நேரத்தில் தேய்ந்து முடிந்தன. பழைய ஜெர்மன் செடான், இரண்டாம் கையாக வாங்கியது. கம்பெனியிலிருந்து வரும்போதே ரன்ஃபிளாட் டயரோடு வந்த மாடல் என்பதால் டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது, அதை வைக்கப் பள்ளமும் கிடையாது, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூடக் கொடுக்கவில்லை. மறுபடியும் ரன்ஃபிளாட்டே போடுவதா, சாதா டியூப்லெஸ் போட்டு டிக்கியில் ஒரு ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு அலைவதா, அல்லது பஞ்சர் கிட்டை நம்பி ஓட்டுவதா என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் எடுத்தது சாதா டயரும், அவசரத்துக்கு மட்டும் மாட்டுகிற ஒல்லி ஸ்டெப்னியும்தான். இப்போது மின்சாரக் கார் வாங்குகிற நண்பர்களும் "ஸ்டெப்னி இல்லையாமே, பரவாயில்லையா?" என்று கேட்கிறார்கள், அதனால் யோசித்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

ரன்ஃபிளாட் என்றால் என்ன என்பது பலருக்கும் தெரியும். டயரின் சைடுவாலுக்குள், அதாவது பக்கச் சுவருக்குள், கெட்டியான ரப்பரைக் கூடுதலாக வைத்துத் தைத்த மாதிரி இருக்கும், காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே வண்டியின் எடையைத் தாங்கும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பதுதான் பொதுவான கணக்கு. புது யோசனையும் அல்ல, 1980களிலேயே போர்ஷே 959க்கு பிரிட்ஜ்ஸ்டோன் இந்த வகை டயர் செய்து கொடுத்தது. சுவர் கெட்டி என்பதால் காற்று போனது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, ஆகவே காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் டிபிஎம்எஸ் இல்லாமல் ரன்ஃபிளாட் போடுவது ஆபத்து. சவாரி கடினமாக இருக்கும், விலை கூடுதல். இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான்.

அதன் நல்ல பக்கத்தை நான் நேரிலேயே பார்த்தவன், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நான்குவழிச் சாலையில் திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பதினொன்று இருக்கும். வண்டியில் அம்மா, மனைவி, தூங்கிப்போன பையன். கோவில்பட்டி தாண்டி, கயத்தாறு வருவதற்கு முன், லாரியிலிருந்து விழுந்த கருங்கல் ஒன்று சாலையில் கிடந்தது. பார்த்துத் திருப்புவதற்குள் பின் சக்கரம் அதில் ஏறிவிட்டது. சில நொடிகளில் டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை, ஆடவும் இல்லை. ஒரு டோல்கேட் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தால் சைடுவாலில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல், உள்ளே காற்று சுத்தமாக இல்லை. சாதா டயராக இருந்திருந்தால் அந்த இருட்டில், மணிக்கு நூறில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற சாலையோரத்தில், அம்மாவைக் கீழே இறக்கி நிற்கவைத்துவிட்டு நான் ஜாக்கி போட்டிருக்க வேண்டும். ரன்ஃபிளாட் இருந்ததால் அறுபது வேகத்தில் உருட்டிக்கொண்டே பாளையங்கோட்டையில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அந்த ஒரு ராத்திரிக்காக அந்த டயருக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சிக்கல் மறுநாள் காலையில் ஆரம்பித்தது. என் முடிவையே தீர்மானித்தது அந்த மறுநாள்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமாகப் போகும் டயர் கடை அண்ணாச்சி முப்பது வருடமாகத் தொழிலில் இருப்பவர். டயரைத் தட்டிப் பார்த்தவர், "தம்பி, இத நம்ம மிஷின்ல கழட்டுனா ஓரம் கிழிஞ்சிரும், ரிம்மும் கீறிரும், பொறவு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னது சரி. ரன்ஃபிளாட்டின் சுவர் வளையாது, அதை ரிம்மிலிருந்து பிரிக்க உதவிக் கை வைத்த பெரிய இயந்திரம் வேண்டும், பழகிய ஆளும் வேண்டும். ஊரில் அந்த இயந்திரம் இருந்த இன்னொரு கடையைக் கண்டுபிடித்தோம். ஆனால் 225/50 ஆர்17 அளவில் ரன்ஃபிளாட் அங்கே ஸ்டாக் இல்லை. மதுரைக்குப் போன் போட்டோம், அங்கேயும் இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்கலாம், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். அதோடு விட்டதா என்றால் இல்லை. ஒரே அச்சில் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் பாதிக்கு மேல் தேய்ந்த டயரும் ஓடக் கூடாது என்பதால் இரண்டாக வாங்க வேண்டியிருந்தது. டயர் ஒன்று 21,000 ரூபாய். பார்சல் வந்து சேர ஆறு நாள். அந்த ஆறு நாளும் கார் வாசலில் கல் மாதிரி நின்றது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் கூட்டிப்போனேன். ராத்திரி 35 கிலோமீட்டர் என்னைச் சுமந்த டயர் பகலில் ஆறு நாள் என்னை உட்கார வைத்துவிட்டது.

சைடுவால் கிழிந்தால் எந்த டயராக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் வெறும் ஆணி ஏறினாலே ரன்ஃபிளாட்டில் இதே கதைதான். அதன்பின் ஆறு மாதம் கழித்துத் தூத்துக்குடி போகும் வழியில் ஒரு ஆணி, டயர் சாலையில் படும் பரப்பான டிரெட்டின் நடுவில் நேராக ஏறியிருந்தது. சாதா டயர் என்றால் சாலையோரக் கடையில் பத்து நிமிட வேலை. ரன்ஃபிளாட்டைக் காற்றில்லாமல் ஓட்டினால் சைடுவாலின் உட்பக்கம் சூடேறி, ரப்பரும் நூலடுக்கும் உள்ளுக்குள் நைந்துபோக வாய்ப்புண்டு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு காற்றில்லாமல் ஓடியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால்தான் காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டைப் பஞ்சர் ஒட்டாமல் மாற்றிவிடுங்கள் என்று பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதாவது அந்த டயரின் சிறப்பை எந்த நாளில் பயன்படுத்துகிறோமோ, அநேகமாக அந்த நாளிலேயே அதன் ஆயுளும் முடிகிறது. அன்றைக்கு நான் எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடனே நின்று, அழுத்தம் இன்னும் 20 பிஎஸ்ஐக்கு மேல் இருந்ததால் ரப்பர் திரி வைத்து அடைத்துக்கொண்டேன். ஆனாலும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நூறில் போகும்போதெல்லாம் அந்தச் சக்கரம் நினைவுக்கு வந்துகொண்டேதான் இருந்தது.

சென்னை, கோவை, பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது இவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியாது. அங்கே காலையில் சொன்னால் மாலைக்குள் டயர் வந்துவிடும், சரியான இயந்திரமும் இருக்கும். அதனால் 80 கிலோமீட்டர் ஓடும் என்பதைக் கேட்டவுடன் அடுத்த கேள்வியாக, நான் இருக்கும் இடத்திலிருந்து 80 கிலோமீட்டருக்குள் இதைக் கழற்றி மாட்டத் தெரிந்த கடை இருக்கிறதா, அங்கே என் அளவு டயர் கிடைக்குமா என்று கேளுங்கள். ராமேஸ்வரம், வால்பாறை, மூணாறு என்று லீவுக்குப் போகும் இடங்களையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.

பஞ்சர் கிட் பற்றிச் சுருக்கமாக. டயருக்குள் ஊற்றும் பசைத் திரவம் ஒரு பாட்டில், 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று, அவ்வளவுதான். நம் நாட்டில் 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும் டிபிஎம்எஸ்ஸும் ரிப்பேர் கிட்டும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் காருக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள், அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கும் வந்தது. மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு இடம் வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்பதால் கம்பெனிகளுக்கு இது வசதியாகப் போயிற்று. டிரெட்டில் ஏறிய சின்ன ஆணிக்குக் கிட் போதும். சைடுவால் கிழிசலுக்கோ குழியில் விழுந்து வளைந்த ரிம்முக்கோ அது எதுவும் செய்யாது. பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு, நான்கைந்து வருடத்தில் மாற்ற வேண்டும், பலர் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊற்றிய பிறகு டயரின் உட்பக்கம் முழுக்கப் பிசுபிசுப்பு, பஞ்சர் ஒட்டுபவர் அதையெல்லாம் வழித்துத் துடைத்த பிறகுதான் வேலையையே தொடங்க முடியும், வால்வில் சென்சார் இருந்தால் அதிலும் பசை அப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. அந்தப் பாட்டிலுக்குப் பதில் ரப்பர் திரி, குத்தூசி, துளை சீவும் கம்பி அடங்கிய ஐந்நூறு ரூபாய்ப் பெட்டி ஒன்றை வாங்கி, வீட்டு வாசலில் பழைய டயர் ஒன்றில் இரண்டு தடவை பழகிக்கொள்வது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

தானாக அடைத்துக்கொள்ளும் டயரும் இருக்கிறது. டிரெட்டின் உட்பக்கம் பசை அடுக்கு பூசியிருப்பார்கள், ஆணியைப் பிடுங்கினாலும் ஓட்டையை அது மூடிவிடும், சுமார் 5 மில்லிமீட்டர் ஓட்டை வரைக்கும். கான்டினென்டல், மிஷெலின், பிரெல்லி எல்லாம் செய்கிறார்கள். நான் ஓட்டியதில்லை, வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு வருடமாகப் பஞ்சரே தெரியவில்லை என்கிறார், ஒருவர் அனுபவத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சைடுவாலுக்கு இதிலும் பாதுகாப்பு இல்லை.

சரி, ஸ்டெப்னிக்கு வருவோம். இந்தப் பெயரே ஒரு கடையிலிருந்து வந்தது. நூறு வருடத்துக்கு முன், 1904 வாக்கில், வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயர் சக்கரத்தின் பெயராகி, இன்று கயத்தாறு பஞ்சர் கடை வரைக்கும் வந்து நிற்கிறது.

என் காருக்கு முழு அளவு ஸ்டெப்னி டிக்கியில் பாதி இடத்தை அடைத்துவிடும், அதனால் ஒல்லிச் சக்கரம்தான். புதியது விலை அதிகம் என்பதால் சென்னை புதுப்பேட்டையில் தேடி, அதே மாடல் வரிசையின் பழைய சக்கரம் ஒன்றை 8,500க்கு எடுத்தேன். டயர் தயாரான தேதியைப் பார்த்து வாங்குங்கள், பத்து வருடப் பழைய ரப்பர் பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் நம்ப முடியாது. இதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: வாங்கிய அன்றே வீட்டில் நான்கு இடத்திலும் மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஐந்து போல்ட் ஓட்டை பொருந்தினால் போதாது, நடு ஓட்டை பொருந்த வேண்டும், முன்பக்கப் பெரிய பிரேக் காலிப்பரில் இடிக்கக் கூடாது, சுற்றளவு மற்ற டயர்களுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஜெர்மன் கார்களில் நட்டு கிடையாது, போல்ட்தான், இரும்புச் சக்கரத்துக்கும் அலாய்க்கும் போல்ட் நீளம் மாறலாம். நீளம் கூடினால் உள்ளே போய் எதையாவது இடிக்கும், குறைந்தால் பிடிமானம் போதாது. அந்த வண்டிக்குச் சரியான போல்ட் செட்டைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். ஜாக்கி, ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், நெற்றியில் மாட்டும் டார்ச், எல்லாம் சேர்த்து இன்னொரு நாலாயிரம் ஆயிற்று.

சாதா டயர் ஒன்று 12,500 விழுந்தது. நான்கு டயரும் சக்கரமும் சாமான்களும் எல்லாம் சேர்த்தும், நான்கு ரன்ஃபிளாட் விலையைவிடக் கிட்டத்தட்ட இருபதாயிரம் குறைவு. குழிகளில் வண்டி விழும்போது முன்பு முதுகுத்தண்டில் ஏறும் அந்த அடி இப்போது இல்லை, அம்மாவே கேட்காமல் சொன்னார். ஆனால் வேகமாக வளைவில் திரும்பும்போது கொஞ்சம் தளர்வாகத் தெரிகிறது, அந்தக் காரின் சஸ்பென்ஷனே ரன்ஃபிளாட்டை நினைத்து அமைத்தது என்பதால் இருக்கலாம். மற்ற மாடல்களில் எப்படி என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வாரன்டி காலத்தில் இருக்கும் கார் என்றால் மாற்றுவதற்கு முன் சர்வீஸ் சென்டரிலும் இன்ஷூரன்சிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் இதுவரை ஒரே பஞ்சர்தான். சங்கரன்கோவில் சாலையில், பட்டப்பகலில். ஜாக்கி போட்டு ஒல்லிச் சக்கரத்தை மாட்ட எனக்கு அரைமணி நேரம் ஆனது, அடுத்த ஊர்ப் பஞ்சர் கடையில் இருநூறு ரூபாயில் ஒட்டி, ஒரிஜினல் சக்கரத்தையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதே இரவு பதினொரு மணிக்குக் கயத்தாறு பக்கத்தில் என்றால் எனக்கு இப்போதும் பயம்தான், அதை மறைக்க மாட்டேன். அப்படி நேர்ந்தால் அதே இடத்தில் ஜாக்கி போட மாட்டேன். டயர் போனால் போகட்டும் என்று மெதுவாக உருட்டி வெளிச்சமான இடத்துக்குப் போவேன், முடியாவிட்டால் எல்லாரையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐக் கூப்பிடுவேன்.

என் தங்கச்சி வேளச்சேரியில் இருக்கிறாள், ராத்திரி ஷிஃப்ட் முடித்து ஓஎம்ஆரில் தனியாக ஓட்டிக்கொண்டு வருபவள், அவள் காரும் ரன்ஃபிளாட் வகைதான். "அண்ணா, நானும் மாத்திரவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு வழியில் இறங்காமல் வீடு வந்து சேர்வதுதான் முக்கியம், டயர் மறுநாளே கிடைக்கும் ஊரில் இருக்கிறாள். அவளுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு காற்றழுத்த மீட்டர் மட்டும். எனக்கு அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது, ஏனென்றால் ஒல்லி ஸ்டெப்னிக்கு 60 பிஎஸ்ஐ வேண்டும், டிக்கிக்குள் சும்மா கிடந்தாலே அது மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வெளியே எடுத்துப் பார்த்துவிடுகிறேன், போன தடவை 52 இருந்தது.