நியூட்ரான் விண்மீன் வெடிப்பு: அஸ்ட்ரோசாட் தரவா, நைசர் தரவா?
நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகள் புராஜெக்ட் நேரத்தில் கேட்கும் கேள்வி இது. அஸ்ட்ரோசாட் இந்தியாவின் விண்வெளி ஆய்வகம், நைசர் நாசாவின் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி.

செலவு: இரண்டும் இலவசம்.

ஆற்றல்: அஸ்ட்ரோசாட்டில் உள்ள எக்ஸ்-கதிர்க் கருவியான லேக்ஸ்பிசி பார்ப்பது 3–80 கிலோ எலக்ட்ரான் வோல்ட், நைசர் 0.2–12. தேர்வைத் தீர்மானிப்பது இதுதான். வெடிப்பு நடப்பது இப்படி: துணை விண்மீனிலிருந்து இழுத்த ஹைட்ரஜனும் ஹீலியமும் நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் குவிந்து, அழுத்தம் முற்றிப் பற்றிக்கொள்கின்றன. நேரத்தோடு ஒளிர்வு மாறுவதைக் காட்டும் ஒளிவரைபடம் ஓரிரு நொடியில் செங்குத்தாக ஏறும், பிறகு பல நொடிகள் சரிந்து இறங்கும். முதல்முறை திரையில் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. உச்ச வெப்பம் 2–3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பதால் இரண்டிலும் தெரியும். ஆனால் சுற்றியுள்ள வாயுத்தட்டின் மென்கதிரை (ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிரை) நைசர்தான் காட்டும். வெடிப்பின்போது 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வன்கதிர் (ஆற்றல் மிகுந்த எக்ஸ்-கதிர்) குறைவதை லேக்ஸ்பிசிதான் காட்டும்.

உழைப்பு: 2015-இல் ஏவிய அஸ்ட்ரோசாட்டின் லேக்ஸ்பிசியில் கதிரை எண்ணும் மூன்று எண்ணிகளில் ஒன்று 2018-இல் நின்றுவிட்டது, லேக்ஸ்பிசி-20 என்ற எண்ணியை நம்பலாம். 2017-இல் விண்வெளி நிலையத்தில் பொருத்திய நைசருக்குள் 2023 மே மாதம் சூரிய ஒளி கசியத் தொடங்கியது. அதற்கு முந்தைய தரவை எடுங்கள்.

எளிமை: நைசர்.

இரண்டே மாதம் இருந்தால் நைசர். 4யூ 1636-536 என்ற நியூட்ரான் விண்மீனின் வெடிப்பில் 581 ஹெர்ட்ஸ் அலைவைத் தேட வேண்டுமா? தயங்காமல் லேக்ஸ்பிசி, 10 மைக்ரோநொடித் துல்லியம் தாராளம், மக்கா.