சீல் பிரிக்காத பெட்டியை நம்பாதீர்கள்: ஓர் இயர்போன் வாங்கிய கதை

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் விட்ட எழுத்துப் பிழைகளைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நான், பெட்டியின் முகப்பிலேயே எழுத்துப் பிழை இருந்த போலி இயர்போனைக் காசு கொடுத்து வாங்கி, இரண்டு வாரம் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். தீபாவளிக்கு இயர்போன் வாங்கக் கிளம்புகிறவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் இந்த வெட்கக்கேட்டை எழுதுகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்குத் தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கச்சேரிப் பதிவுகள்தான் துணை. சென்னை வியர்வையில் காதை மூடும் பெரிய ஹெட்போன் சரிப்படாது. காதுத் துளைக்குள் செருகும் வகை பொருந்தி உட்கார்ந்தால் ரயில் இரைச்சலைப் பெருமளவு வெளியே நிறுத்திவிடும். ஒலியைக் கூட்டவே தேவையில்லை. பொருந்தாவிட்டால் இரைச்சலோடு போட்டி போட்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே பொருத்தம் என்பது சொகுசு மட்டுமல்ல, செவியைக் காப்பதும் அதுதான்.

பழைய இயர்போனில், கைபேசியில் செருகும் முனைக்குப் பக்கத்தில் கம்பி விட்டுப்போனது. கடந்த ஆடியில், 1,500 ரூபாய்க்குள் ஒன்று வாங்கிவிடலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று மின்னணுக் கடைகளாகவே இருக்கும் வட்டாரம் அது. நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் நான் பல முறை வாங்கியிருக்கிறேன். இந்த முறை போனது வேறு கடை. பெயர் சொல்லப்போவதில்லை, காரணம் கடைசியில் புரியும்.

பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் இயர்போனைக் கேட்டேன். பெட்டியில் 2,490 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது. ஆடித் தள்ளுபடியில் 1,400 என்றார் கடைக்காரர்.

"போட்டுப் பார்க்கலாமா?"

"சீலைப் பிரித்துவிட்டால் நான் வேறு ஆளுக்கு விற்க முடியாதண்ணே. டெமோ இருக்கிறது, கேளுங்கள். அதே மாடல்தான்."

நியாயமாகத்தான் பட்டது. இன்னொருவர் காதுக்குள் போனதை யார் வாங்குவார்கள்? டெமோவை என் கைபேசியிலேயே செருகி, மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைக் கேட்டேன். இயர்போனைச் சோதிக்க என்னிடம் இருக்கும் உரைகல் அதுதான். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் கூரான சொற்களை எந்த மலிவான கருவியும் கொடுத்துவிடும். இடப்பக்கமான தொப்பியில் விழும் கும்கி என்ற கனத்த நாதம் அடிவயிற்றிலிருந்து எழுந்து மெல்ல வளைய வேண்டும். டெமோவில் வளைந்தது. மயங்கிவிட்டேன்.

பில் கேட்டபோது, "பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் அண்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். அச்சிட்ட விலையிலேயே எல்லா வரியும் அடக்கம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் 252 ரூபாய் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டது. எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் 1,400 என்று கிறுக்கிக் கொடுத்தார். யூபிஐயில் பணம் அனுப்பினேன். திரையில் வந்தது கடைப் பெயர் அல்ல, யாரோ ஒரு தனி நபரின் பெயர். அதையும் பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன்.

ரயிலில் ஏறிச் சீலைப் பிரித்து மாட்டினால், தொப்பியைக் காணவில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் யாரோ விரலால் தட்டுவது போல இருந்தது.

நான் கடைக்காரரைச் சந்தேகப்படாமல் என் காதைச் சந்தேகப்பட்டேன். அதற்குக் காரணம் உண்டு. செவிக்குழாய் நேரான துளை அல்ல. இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு லேசாக வளைந்து போவது. ஒருவருடைய இரண்டு காதுகளுமே ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்கு இடது பெரிது, வலது சிறிது. நுனியில் மாட்டும் ரப்பர் ஓர் இழை சிறுத்துப் போனாலும் இடுக்கு வழியே காற்று கசியும், அடித்தாளம் எனும் கனத்த கீழ் ஒலி முழுவதும் அந்த வழியே போய்விடும். நல்ல இயர்போனும் பொருந்தாவிட்டால் தகர டப்பாவாகத்தான் ஒலிக்கும். ஆகவே பெரிய ரப்பர், சின்ன ரப்பர், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு 300 ரூபாய்க்கு ஃபோம் முனைகள் வாங்கினேன். விரலால் உருட்டிச் சுருக்கிக் காதில் வைத்தால், உள்ளே மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும். உறுத்தல் குறைந்தது. தொப்பி வரவில்லை.

போலியும் பொருந்தாமையும் ஒரே மாதிரி நோய் காட்டும் என்பதுதான் இதில் உள்ள சூழ்ச்சி. பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. அதை நான் காலம் கடந்து கற்றுக்கொண்டேன். பாட்டு ஓடும்போது இரண்டு இயர்போன்களையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பிடியுங்கள். அடித்தாளம் சட்டென்று நிறைந்து, விரலை எடுத்ததும் வடிந்துபோனால் குற்றம் ரப்பர் அளவில். அழுத்தினாலும் வரவில்லை என்றால் சரக்கிலேயே கோளாறு.

பன்னிரண்டாம் நாள். கிண்டி நெருங்கும்போது வலது இயர்போனைக் கழற்றினேன். கருவி கையோடு வந்தது, ரப்பர் காதுக்குள் தங்கிவிட்டது. அசல் இயர்போனில் ஒலி வெளிவரும் மூக்கின் நுனியில் சின்ன விளிம்பு இருக்கும். ரப்பர் கழன்றுபோகாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். என்னுடையதில் மூக்கு மொழுமொழுவென்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா பரிவோடு தலையிலிருந்து ஊசியை உருவி நீட்டினார். நல்ல வேளை, வாங்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய இடுக்கியால் அரை நிமிடத்தில் எடுத்துவிட்டார். "நீங்களே தோண்டியிருந்தால் இன்னும் உள்ளே போயிருக்கும்" என்றார். காதுக்குள் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. மருத்துவருக்கு 500, சொட்டு மருந்துக்குத் தனியாக. 252 ரூபாய் மிச்சம் பிடித்தவனின் கணக்கு இப்படிப் போனது.

அன்றிரவு வீட்டில் பெட்டியை எடுத்துப் பார்த்த மகள் கேட்டாள்: "அப்பா, கம்ஃபர்ட் என்ற சொல்லில் எம்முக்குப் பதில் என் போட்டிருக்கிறானே, நீங்கள் பார்க்கவில்லையா?"

பார்க்கவில்லை. சொகுசு என்று பொருள்படும் சொல்லிலேயே பிழை. அதுவும் முகப்பில், அரை அங்குல எழுத்தில். கை தானாகவே சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அந்த எழுத்தை வட்டமிட்டு, ஓரத்தில் திருத்தக் குறியும் போட்டது. தொழில் புத்தி.

மறுநாள் நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனேன். பெட்டியில் இருந்த வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்த பெண், அதே எண்ணில் வேறு யாரோ முன்பே பதிவு செய்திருப்பதாகச் சொன்னார். உண்மையான ஓர் எண்ணைப் பார்த்து அத்தனை பெட்டிகளிலும் அடித்துவிடுகிறார்களாம். பிறகு அசலையும் என்னுடையதையும் அருகருகே வைத்துக் காட்டினார். மூக்கில் இருக்கும் வலை, கம்பியின் வழவழப்பு, இடது வலது குறியின் எழுத்துரு எல்லாமே வேறு. கடையில் நான் கேட்ட டெமோ அசல். கையில் வாங்கியது போலி. விளையாட்டு முழுவதும் அவ்வளவுதான்.

கடைக்குப் போனேன். அண்ணன் என்று அழைத்தவர் இப்போது "சார்" என்றார். "எங்கள் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன ஆதாரம் சார்?" துண்டுச் சீட்டில் கடைப் பெயர் இல்லை. சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை முப்பது நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். இதை அப்போது சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அங்கிருந்தே அழைக்கப்போகிறேன் என்று கைபேசியை எடுத்தேன். குரல் தணிந்தது. யூபிஐ ரசீதையும் காட்டினேன், இன்னும் தணிந்தது. 800 ரூபாய் தருகிறேன், பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அலுத்துப் போயிருந்தேன். கொடுத்துவிட்டேன். கையில் இருந்த முக்கியமான சாட்சியத்தை 800 ரூபாய்க்கு விற்றுவிட்டேன் என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் உறைத்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எதை எடுத்துக்கொண்டு போவது?

இப்போது வேறொரு கடையில் 900 ரூபாய்க்கு வாங்கிய சாதாரண இயர்போன் வைத்திருக்கிறேன். பணம் கட்டிய கையோடு கடைக்காரர் முன்னிலையிலேயே பிரித்து, டெமோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அங்கேயே பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு நின்றேன். உறுத்தல் முதல் நிமிடத்தில் தெரியாது. ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினேன். எண்ணும் எழுத்துமாகப் பதினைந்து இடம், தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று தொடங்கும். வெளிநாட்டுச் சரக்கானதால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்கின்றனவா என்று படித்தேன். இந்த முறை எழுத்தெழுத்தாக. கம்பியைக் காதுக்கு மேலே சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். சட்டையில் உரசும் சரசரப்பு காதுக்கு ஏறுவதில்லை. இடதுக்கு நடு அளவு, வலதுக்குச் சின்ன அளவு. தொப்பி வளைகிறது.

போன வாரம் அந்தப் பழைய கடையைக் கடந்து போனேன். தீபாவளித் தள்ளுபடி என்று வண்ணத்தாள் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி அலமாரியின் இரண்டாவது தட்டில் அதே மாடல் நான்கைந்து அடுக்கியிருந்தது. மேலே இருந்த பெட்டியில், புத்தம் புதிதாகச் சுற்றிய கண்ணாடித் தாளுக்கு அடியில், என் சிவப்பு வட்டமும் ஓரத்தில் திருத்தக் குறியும் பளிச்சென்று தெரிந்தன. கடைப் பெயர் வேண்டாம். அந்த வட்டத்தைத் தேடுங்கள்.