திருகாணி இல்லாத டிரம்மோடு ஐந்து வருடம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் இந்த டிரம்மை 180 டாலருக்கு வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. அன்றைக்கு அதை டிரம் என்று சொல்லவே பெரிய மனசு வேண்டும். மேல்தோல் கிழிந்து தொங்கியது, கீழே தோலே இல்லை, கயிறு தொட்ட இடத்தில் பொடியானது. உள்ளே பழைய செய்தித்தாள்களைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். இப்போது வாரம் இரண்டு நாள் அதில்தான் வாசிக்கிறேன். ஜூலை மூன்றாவது சனிக்கிழமை டீப் ரிவர் ஊரில் கூடும் ஃபைஃப் (சிறிய புல்லாங்குழல்), டிரம் குழுக்களோடு நான்கு முறை தோளில் மாட்டி நடந்தும் இருக்கிறேன்.

விட்டம் 16 அங்குலம், உயரம் 12. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் படங்களில் சிறுவர்கள் இடுப்பளவில் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த ஜாதி. திருகாணி கிடையாது. மேல் வளையத்துக்கும் கீழ் வளையத்துக்கும் நடுவே ஒரே கயிறு ஏறி இறங்கி டிரம்மைச் சுற்றி வரும். இரண்டிரண்டு கயிற்றுக்கு ஒரு தோல் காது. காதைக் கீழே இழுத்தால் கயிறுகள் நெருங்கி, தோல் இறுகும். டோலக்கில் இரும்பு வளையத்தை நகர்த்திச் சுதி ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. விற்றவர் போர்க்கள டிரம் என்று சத்தியம் செய்தார். நல்ல வேளையாக அதில் அந்தக் கால ராணுவ டிரம்களில் வரையும் கழுகுப் படம் இல்லை. இருந்திருந்தால் விலையில் இன்னொரு பூஜ்யம் சேர்ந்திருக்கும். அந்தக் கழுகுகளில் பல பின்னாளில் வரையப்பட்டவை என்பது வேறு விஷயம்.

மர வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரே மேப்பிள் பலகையை ஆவியில் வளைத்து, இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டி, மேலே பித்தளைக் குமிழ் ஆணி அடித்திருக்கிறார்கள். பார்த்தால் பூ வேலைப்பாடு, உண்மையில் அந்த ஆணிகள்தான் மூட்டைப் பிடித்திருக்கின்றன. மூட்டு நான்கு அங்குலத்துக்கு விட்டிருந்தது. நம் ஊர்த் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் போன்ற தோல் பசையால்தான் ஒட்டினேன். வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகும், நாளைக்கு இன்னொருவர் பிரிக்க நேர்ந்தால் மரம் பிய்யாது. உப்புத்தாள் போடவில்லை, புது வார்னிஷும் பூசவில்லை. மெழுகு தேய்த்ததோடு சரி.

சிக்கல் தோலில் வந்தது. கன்றுத்தோலோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று அலுமினிய வளையத்தோடு வரும் பிளாஸ்டிக் தோல் இரண்டு வாங்கியிருந்தேன். பொருத்தப் பார்த்தால் உட்காரவே இல்லை. அளந்த பிறகுதான் தெரிந்தது: இத்தனை வருடத்தில் டிரம்மின் மரக்கூடு வட்டத்தை மறந்து, ஒரு பக்கம் கால் அங்குலம் நீண்டிருக்கிறது. அலுமினியம் அதற்கு வளைந்து கொடுக்காது. கன்றுத்தோலை மடித்துக் கட்டும் மர வளையம் கொடுக்கும். அந்த இரண்டு தோலும் இன்னும் கராஜில் தூங்குகின்றன. அளந்துவிட்டு வாங்கியிருக்கலாம்.

கன்றுத்தோலைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, உள் வளையத்தைச் சுற்றி மடித்து, கரண்டிக் காம்பால் விளிம்பை உள்ளே செருக வேண்டும். பிறகு கூட்டின்மேல் ஏற்றி, லேசான இழுப்பில் இரண்டு நாள் காயவிட வேண்டும். 'லேசான' என்ற சொல்லை நான் மதிக்கவில்லை. ஈரத்திலேயே இறுக்கினேன். ஜனவரி மாதம், வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது, காற்றில் பொட்டு ஈரம் இல்லை. இரண்டாம் நாள் நள்ளிரவில் துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு?" 70 டாலர்.

கயிறும் ஒரு பாடம். முதலில் கடையில் கிடைத்த நைலான் கயிற்றைக் கோர்த்தேன். காலையில் இறுக்கினால் மாலைக்குள் நீண்டுவிடும். சணல் கயிறு 40 அடி வாங்கி மாற்றிய பிறகுதான் சுதி நின்றது. அதுவும் முதல் வருடம் மூன்று முறை தளர்ச்சியை எடுக்க வைத்தது. இப்போது வருடத்துக்கு ஒரு முறை போதும்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே கயிறு என்பதால் மேல்தோலும் கீழ்த்தோலும் சேர்ந்தேதான் இறுகும். தனித்தனியாகச் சுதி வைக்க வழியில்லை. ஆகவே மேலே தடித்த தோல், கீழே மெல்லிய தோல் என்று தேர்ந்தெடுக்கும்போதே பாதி நாதம் முடிவாகிவிடுகிறது. கீழ்த்தோலின் குறுக்கே ஓடி, அடிக்கும்போது கரகரக்கும் நரம்புகள் (விலங்குக் குடலில் செய்த இழைகள்) படிய, கூட்டின் விளிம்பில் மெல்லிய பள்ளம் வெட்டியிருக்கும். அதைக் கோணல் என்று நினைத்து ராவிச் சமமாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் டிரம் இப்போது பூத்தொட்டி மேடை.

நாதம்? பள்ளி பேண்டில் நாங்கள் அடித்த சைடு டிரம் 'டட்' என்று வெட்டும். இது அப்படியில்லை. முதலில் வயிற்றில் ஒரு 'தொம்', அதன் பின்னால் நரம்பின் கரகரப்பு. சத்தமும் அதிகம், உள்ளறையில் வாசித்தால் காது போய்விடும். குச்சி துள்ளுவது குறைவு என்பதால் முதல் ஆறு மாதம் என் உருட்டல் எல்லாம் தடுமாறியது. கையை உயர்த்தி எடைபோட்டு விழவைக்கப் பழகிய பிறகுதான் சரியானது.

வானிலைதான் இதன் எஜமானர். புழுக்கமான நாளில் காதுகளைக் கீழ்வரை இழுத்தாலும் தோல் சோர்ந்து கிடக்கும். வறண்ட நாளில் கை வைக்காமலே சுதி ஏறும். வாசித்து முடித்ததும் காதுகளைப் பாதி மேலே தள்ளிவிடுவேன். முழுக்கத் தளர்த்தினால் காயும்போது கூட்டின் விளிம்பில் படிந்திருக்கும் தோலின் மடிப்பு தட்டையாகிவிடும், தளர்த்தாவிட்டால் அந்த ஜனவரி இரவுதான் மறுபடியும்.

ஐந்து வருடத்தில் மாற்றியவை: பத்தில் மூன்று காதுகள், நரம்பு ஒரு செட், மேல்தோல் ஒன்று. மொத்தச் செலவு வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. போன ஜூலையில் திடீர் மழை. புது பிளாஸ்டிக் டிரம்காரர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள், நான் சட்டையைக் கழற்றி டிரம்மைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் நின்றேன். அன்றிலிருந்து மேல் வளையத்தில் ஒரு மயிரிழை விரிசல் தெரிகிறது. பசை ஊறிக்கொண்டிருக்கிறது. இந்த ஞாயிறு அதற்குத்தான்.