விக்கிப்பீடியா ரிவ்யூ க்யூ: உள்ள இருந்து பார்த்தா எப்படி இருக்கும்

விக்கில எழுதுறது எப்படின்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, ரிவ்யூ பண்ற பக்கம் எப்படி இருக்கும்னு சொல்லத்தான் ஆள் இல்ல. ஆங்கில விக்கிப்பீடியால வருஷக்கணக்கா ரெண்டு க்யூலயும் புழங்குறேன். ஒண்ணு புதுசா வர்றவங்களோட டிராஃப்ட் க்யூ, இன்னொண்ணு 'நல்ல கட்டுரை'ங்கிற தர அந்தஸ்து கேட்டு நிக்குற க்யூ. ரெண்டுலயும் கூட்டம் குறையுறதே இல்ல, ஆனா காரணம் வேற வேற.

டிராஃப்ட்ட முதல்ல சொல்லிடுறேன். 2005 கடைசில, லாகின் பண்ணாதவங்க புதுப் பக்கம் ஆரம்பிக்க முடியாதுன்னு ஆக்கினாங்க. 2018ல இன்னும் இறுக்கி, அக்கவுண்ட் தொடங்கி 4 நாளும் 10 எடிட்டும் ஆகாம நேரா கட்டுரை போட முடியாதுன்னு ஆச்சு, அதனால புது ஆளுங்க முக்கால்வாசி பேர் டிராஃப்ட் வழியாத்தான் வர்றாங்க. அனுப்பினதும் மேல ஒரு பெட்டி வரும், எவ்வளவு நாள் ஆகலாம்னு அதுல இருக்கும், வரிசைப்படி பார்க்க மாட்டோம்னும் இருக்கும். இந்த வரிசைப்படி இல்லங்கிறதுதான் விஷயமே. அப்பட்டமான விளம்பரம், காப்பி அடிச்சது எல்லாம் திறந்ததுமே தெரிஞ்சிடும், தள்ளிடலாம். நல்லா ஆதாரத்தோட வந்ததும் சட்டுனு ஏறிடும். மாட்டிக்கிறது நடுவுல இருக்குறது. ஏதோ ஒரு கம்பெனி, நாலு மேற்கோள், ரெண்டு அந்த ஓனரோட பேட்டி, ஒண்ணு பிரஸ் ரிலீஸையே வரி மாத்திப் போட்ட செய்தி, மிச்சம் ஒண்ணு உருப்படி. ஏத்துக்கவும் முடியாது, தள்ளவும் மனசு வராது. ஒருத்தர் திறந்து முழுசா படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம மூடிட்டுப் போயிடுவார், படிச்சதுக்குத் தடயமே இருக்காது, அடுத்து வர்றவரும் அதேதான். க்யூ அடில மாசக்கணக்கா கிடக்குறது யாரும் பார்க்காததுன்னு வெளிய நினைக்கிறாங்க, என்னைக் கேட்டா பல பேர் பார்த்துட்டு நழுவினதுதான் அங்க அதிகம்.

நல்ல கட்டுரை கதை வேற. அதுக்கும் மேல் தரமான சிறப்புக் கட்டுரைக்கு நாலஞ்சு பேர் வந்து அலசுவாங்க, இதுக்கு ஒரே ஒரு ரிவ்யூவர் போதும், ஆறு அளவுகோல், பாஸ் இல்ல ஃபெயில். நாமினேட் பண்ண கட்டுரையோட உரையாடல் பக்கத்துல ஒரு வார்ப்புரு (டெம்ப்ளேட்) போட்டா முடிஞ்சுது, ஒரு நிமிஷ வேலை. ரிவ்யூ பண்ண ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும். இந்தக் கணக்கு இப்படி இருக்குற வரைக்கும் க்யூ நீளாம என்ன பண்ணும்?

நேரம் எங்க போகுதுன்னா, மேற்கோள் சரிபார்க்குறதுல. 2023ல இருந்து சிலதையாவது ஆதாரத்தத் திறந்து பார்த்தே ஆகணும்னு இருக்கு, ரொம்ப சரி. ஒரு பாலத்தப் பத்தி ரெண்டு வாக்கியம், கடைசில ஒரு அடிக்குறிப்புன்னு வைங்க. ஆதாரத்தத் திறந்தா ரெண்டாவது வாக்கியம் இருக்கு, முதலாவது இல்ல. எழுதினவர் பொய் சொல்லல, கட்டுரையோட எடிட் வரலாற்றைப் புரட்டினா மூணு வருஷம் முன்னாடி வேற யாரோ நடுவுல ஒரு வரி சொருகிட்டுப் போயிருப்பாங்க, அடிக்குறிப்பு பாட்டுக்கு அதுக்கும் சேர்த்து நிக்குது. வாசிக்க அழகா இருக்குற கட்டுரைலதான் இது ஜாஸ்தி, கண்ணுல படவே படாது.

பேக்லாக், அதாவது தேங்கி நிக்குறது, ஏறினா ஒரு மாசம் எல்லாரும் சேர்ந்து க்யூவைக் குறைக்குற டிரைவ் வைப்பாங்க, ரிவ்யூ எண்ணிக்கைக்கு பாராட்டுச் சின்னம் உண்டு. எண்ணிக்கை இறங்கும், மறுபடி ஏறும். எனக்கு டிரைவ் பிடிக்கும், ஆனா அதுல கரையுறது குட்டிக் கட்டுரைங்கதான், எல்லா ஆதாரமும் அச்சுப் புத்தகமா இருக்குற நீளக் கட்டுரை அசையாம கிடக்கும். அவசரத்துல 'நல்லா இருக்கு, பாஸ்'னு ரெண்டு வரில முடிச்ச ரிவ்யூ பின்னாடி மறுமதிப்பீட்டுக்கு வந்து நிக்கும், அது இன்னொரு லிஸ்ட், அங்கயும் ஆள் பத்தாது. இதுக்கு லேட்டா நடக்குற முழு ரிவ்யூவே மேல்.

ஒண்ணு நாமினேட் பண்ணா ஒண்ணு ரிவ்யூ பண்ணணும்னு கட்டாயப்படுத்துங்கன்னு அடிக்கடி கிளம்பும். முகப்புல வர்ற 'உங்களுக்குத் தெரியுமா'ல பழைய ஆளுங்களுக்கு அந்த விதி இருக்கு, அது சின்ன வேலை, ஓடுது. இங்க கட்டாயம்னு வந்தா கடனேன்னுதான் பார்ப்பாங்க. இப்ப நாமினேட் பண்ணவர் பேர் பக்கத்துலயே அவர் எத்தனை ரிவ்யூ பண்ணியிருக்கார்னு தெரியுது, அதுவே போதும், நானே அதைப் பார்த்துத்தான் யாரோடத எடுக்குறதுன்னு முடிவு பண்றேன்.

க்யூல நிக்குறவங்களுக்கு: புத்தகம்னா பக்க எண் போடுங்க, முடிஞ்சா ஆதாரத்துல இருக்குற அந்த வரியையே அடிக்குறிப்புல சேர்த்துடுங்க, எடுக்க ஆள் வரும். ரிவ்யூ ஆரம்பிச்சவர் பாதில காணாமப் போனா திரும்ப முதல்ல இருந்து நாமினேட் பண்ணிடாதீங்க, பழைய தேதி போயிடும். நல்ல கட்டுரை உரையாடல் பக்கத்துல சொன்னா ரிவ்யூ பக்கத்தோட வரிசை எண்ணை மட்டும் ஒண்ணு கூட்டி, உங்க இடம் மாறாம க்யூல திரும்ப விட்டுடுவாங்க.