மாட்டுப் பொங்கலுக்கு காளை கேக்: அச்சா, வெட்டி ஒட்டுறதா, கப் கேக்கா?

பொங்கல் லீவுக்கு அண்ணன் பிள்ளைக மூணு பேரும் காரைக்குடிக்கு வந்துருவாக, பத்து வயசு, ஏழு, நாலு. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் காளை கேக் வெட்டுறதுன்னு ஒரு வழக்கம் எங்க வீட்ல வந்துருச்சு, மறுநாள் காணும் பொங்கலுக்கு சிராவயல் மஞ்சுவிரட்டு, அதனால ரெண்டு மூணு நாளைக்கு வீட்ல காளைப் பேச்சு தவிர வேற பேச்சே இருக்காது. மூணு விதமாவும் செஞ்சு பாத்துட்டேன், பிள்ளைகளோட செய்றதா இருந்தா எது நல்லதுங்கிறதுல எனக்கு இப்ப சந்தேகமே இல்ல.

முதல் வருஷம் அச்சுல செஞ்சேன். ஆன்லைன்ல தேடுனா முயல், கரடி, ஆட்டுக்குட்டி இதான் கிடைக்கிது, திமிலோட நம்ம காளை எனக்குக் கிடைக்கவே இல்ல. ஜெர்மனி, போலந்து பக்கமெல்லாம் ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டி கேக் சுடுறது வழக்கம், அதுக்குன்னு ரெண்டு பாதியா மூடுற தகர அச்சு இருக்கு, அதை வாங்கி கொம்பு மட்டும் தனியா வச்சுக்கலாம்னு நெனச்சேன். அந்த அச்சுக்கு மாவு கெட்டியா இருக்கணும், பவுண்ட் கேக் மாதிரி, லேசான ஸ்பாஞ்ச் மாவு கழுத்துல நிக்காது. மூலை முடுக்கெல்லாம் வெண்ணெய் தடவி மைதா தூவணும், காதுக்குள்ள பல்குச்சி வச்சு தாங்கு கொடுக்கணும், ஓவன்லேர்ந்து எடுத்து பத்து பதினஞ்சு நிமிஷம் ஆறவிட்டுத்தான் தெறக்கணும். உடம்பு கனமா இருக்கும் காது மெல்லிசா இருக்கும், நடுவுல வேகுறதுக்குள்ள காது கருகிரும். எனக்கு கழுத்தோட ஒடிஞ்சு தலை தட்டுல விழுந்துச்சு, நாலு வயசுக்காரி அப்ப இன்னும் கைக்குழந்தை, மத்த ரெண்டும் அழுதுச்சுக.

ஒடிஞ்சது கூட பெருசில்லங்க. அச்சுல பிள்ளைகளுக்கு வேலையே கிடையாது. மாவை ஊத்துனதோட அவுக பங்கு முடிஞ்சுது, மிச்சமெல்லாம் பெரியவுக கையில, அச்சைத் தொறக்கைல "தள்ளி நில்லு, தொடாத"ன்னு நானே பத்து தடவ சொல்லிருப்பேன்.

அடுத்த வருஷம் வட்டக் கேக்கை வெட்டி ஒட்டுனோம். எட்டு இஞ்ச் வட்டம் ரெண்டு, கூடவே குழம்புக் கிண்ணத்துல ஒரு சின்ன கேக். நாலு முட்டை, வெண்ணெய் சீனி மைதா மூணும் 225 கிராம், ரெண்டு வட்டத்துக்கு இதான் கணக்கு, கிண்ணத்துக்கும் சேத்துன்னா இன்னொரு முட்டை, மத்ததும் அதே விகிதத்துல கூட்டிக்கலாம். ஓவன் இல்லாதவுக குக்கர்ல கேஸ்கட், விசில் ரெண்டையும் எடுத்துட்டு அடியில உப்பு பரப்பி ஸ்டாண்டு வச்சு சுடலாம், ஆனா சிம்முல முக்கா மணி நேரம் கிட்ட ஆகும். எங்க ஆத்தாவுக்காக (பிள்ளைகளுக்கு அப்பத்தா) ஒரு வருஷம் முட்டை இல்லாம தயிர் ஊத்திச் செஞ்சேன், ருசி நல்லா இருந்துச்சு, ஆனா வெட்டுறப்ப உதிருது, அதுக்கு முந்துன நாள் ராத்திரியே சுட்டு மூடி பிரிட்ஜ்ல வச்சுட்டா கத்தி நேரா இறங்குது. முட்டை கேக்குக்கும் இது பொருந்தும், சூட்டோட வெட்டாதீக.

இனி வெட்டுற வித்தை. முதல் வட்டம் அப்படியே முகம். ரெண்டாவது வட்டத்து மேல ஒரு அஞ்சு இஞ்ச் கிண்ணத்தை நடுவுல இல்லாம ஒரு ஓரமா, விளிம்பைத் தொடுற மாதிரி கவுத்து சுத்தி வெட்டணும். வெட்டி எடுத்த சின்ன வட்டம் மூக்கும் வாயும். மிஞ்சுறது பிறை நிலா, அதை நடுவுல ஒரு வெட்டு வெட்டுனா ரெண்டு கொம்பு, வளைவு நுனி எல்லாம் தானா வந்துரும். இதை மொத தடவ பிள்ளைக கண்ணு முன்னாடி செஞ்சப்ப பெரியவன் "அயித்தை, நிலாக்குள்ள கொம்பு இருந்துருக்கு"ன்னான். கிண்ணத்துல சுட்டது திமில், ரெண்டு கொம்புக்கு நடுவுல பின்னால வச்சிரணும். திமில் இல்லாம ஒரு தடவ வச்சப்ப "இது பால் பாக்கெட்டுல இருக்குற மாடு"ன்னு ஏழு வயசுக்காரன் ஒத்துக்கவே இல்ல, அவன் சொன்னது சரிதான்.

பூச்சுக்கு நான் கனாஷ்தான் (சாக்லேட்டை க்ரீமோட உருக்கிச் சேக்குறது) சொல்லுவேன். தை மாசம்னாலும் மத்தியானத்துல இங்க முப்பது டிகிரி கிட்ட வந்துருது, வெண்ணெய் க்ரீம் இளகி கொம்போட சரியுது. டார்க் சாக்லேட் ரெண்டு பங்குக்கு க்ரீம் ஒரு பங்கு, வெள்ளை சாக்லேட்னா மூணுக்கு ஒண்ணு. நம்ம சிவகங்கைப் பக்கத்து புலிக்குளம் மாடு சாம்பல் நிறமா இருக்குமில்ல, அந்த நிறம் வேணும்னு பிள்ளைக கேட்டா வெள்ளை கனாஷ்ல கருப்பு ஜெல் கலர் ஒரு சொட்டு போதும், கோகோ போட்டா செவலை ஆயிரும். மஞ்சக் கலருக்கு மஞ்சத்தூளை சோடா உப்பு போட்ட மாவுல கலந்துறாதீக, செவந்து போகும். மொதல்ல மெல்லிசா ஒரு பூச்சு பூசி அரை மணி நேரம் பிரிட்ஜ்ல வச்சு, உதிர்ற கேக் தூளெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டதும் ரெண்டாவது பூச்சு.

கொம்புக்கு கலர் அடிக்கிறது பிள்ளைக வேலை, ஆளுக்கு ஒரு கொம்பு, ஒண்ணு செவப்பு ஒண்ணு நீலம். முகப்புல ஆத்தங்குடி கல்லுல சம்மணம் போட்டு உக்காந்து, நாக்கை லேசா வெளிய நீட்டிக்கிட்டு பிரஷ்ஷால நுனியிலேர்ந்து அடி வரைக்கும் இழுக்கையில, வெளிய தெருவுல நெசமான மாட்டுக்கு கொம்பு சீவுற ஆளுகூட அவ்வளவு கவனமா இருக்க மாட்டாக. கழுத்து மணிக்கு மாவுருண்டை. தட்டை தண்ணி ஊத்துன தாம்பாளத்துக்கு நடுவுல கிண்ணம் கவுத்து அது மேல வைங்க, எறும்புக்கு இதான் ஒரே காவல்.

கப் கேக் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. இருபத்தி நாலு கப் கேக்கை காளை வடிவத்துல நெருக்கி அடுக்கி மேல ஒரே பூச்சா பூசுறது. ஒடியாது, வெட்ட வேணாம், பங்காளி வீடுகளுக்கு அனுப்ப வசதி. இல்லன்னா ஒவ்வொண்ணையும் ஒரு குட்டி முகமாக்கலாம், முந்திரிப் பருப்பு ரெண்டு குத்துனா அச்சு அசலா கொம்பு. மூணு நாலு வயசுப் பிள்ளைக மட்டும் இருந்தா இதையே செய்ங்க, ஆளுக்கு ஒண்ணு கையில இருக்கும், சண்டை வராது. ஆறு வயசுக்கு மேலன்னா அரை மணி நேரத்துல ஓடிப் போயிருவாக, அதுகளுக்கு ஒண்ணு உருவாகுறதைப் பாக்கணும்.

எங்க வீட்ல இப்ப வெட்டி ஒட்டுறதுதான், சின்னவளுக்கு மட்டும் ஓரத்துல ஒரு கப் கேக் கன்னுக்குட்டி. வெட்டுறப்ப முகத்துல கத்தி வைக்க பிள்ளைக விடாதுக, அதனால திமில்லேர்ந்து ஆரம்பிச்சு கொம்புக்கு வருவோம். முகம் மறுநாள் மஞ்சுவிரட்டு பாத்துட்டு வர்ற வரைக்கும் பிரிட்ஜ்ல இருக்கும்.