மெய்நிகர்த் தறியில் இரு கை: கொன்ட்ரோலரா, வெறுங்கையா?

இலங்கையின் மருதமுனைக் கைத்தறியை யூனிட்டி என்ற முப்பரிமாண மென்பொருளில் மெய்நிகர்ப் பயிற்சியாக அமைப்பவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது இது: பழகுபவரிடம் கையில் பிடிக்கும் கருவியான கொன்ட்ரோலரைக் கொடுப்பதா, தலையில் மாட்டும் ஹெட்செட்டின் கமராவே விரல்களைக் கண்டுபிடிக்கும் வெறுங்கை முறையை நம்புவதா?

வெறுங்கைதான் இயல்பு என்று தோன்றும். தறியில் அது காலை வாரும். ஒரு கை நாடாவை (ஊடுநூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடவிடும் கயிற்றுப் பிடியைப் பொத்தி இழுக்க, மறுகை ஊடுநூலை நெருக்கும் பலகையைத் தள்ளி அடிக்கிறது. கையைப் பொத்தினால் விரல்நுனிகள் மறைந்து, கமராவுக்குப் புறங்கைதான் தெரியும். ஒரு கை மற்றதன் குறுக்கே வந்தால் இரண்டுமே குழம்பும். தலையை நிமிர்த்திப் பாவு நூல்களை (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியவை) பார்த்தாலோ, தாழ இருக்கும் கை பார்வையை விட்டுப் போய்ப் பிடி நழுவும். கொன்ட்ரோலருக்குள் அசைவுணரி இருப்பதால் கணநேர மறைவைத் தாங்கும். பலகை மோதும்போது அதிரவும் வைக்கலாம், வலு 0.7, நேரம் 0.05 செக்கன் என்று தொடங்குங்கள். அறுந்த நூலை முடிவது இரண்டிலும் சரிவராது. அதை உண்மைத் தறிக்கே விடுவது நல்லது.

அடுத்தது வேலைப் பங்கீடு. இரு கைகளின் வேலைப் பங்கீட்டை ஆராய்ந்த ஈவ் கியார் 1987இல் விளக்கியபடி, பழக்கம் குறைந்த கை முந்திப்போய் இடம் அமைக்கும். பழகிய கை அதற்குள் நுணுக்கம் பார்க்கும். தறிக்கு இந்தச் சமனற்ற பங்கீடே பொருந்தும்: பலகை பின்னால் போன பிறகே நாடாவுக்கு வழி. அவசரப்பட்டுக் கயிற்றை இழுத்தால் நாடா சிக்கட்டும். அதைத் தடுக்கக் கயிற்றைப் பூட்டிவைத்தால் கைக்கு நேரம் பிடிபடாது.

இரு கையும் ஒரே வேலை செய்யும் முறை, நெய்த சாரத் துணியை விரித்துப் பெரிதாக்கிக் கட்டம் பார்க்க உதவும். யூனிட்டியில் ஒரு பொருளைக் கையால் பிடிக்கத்தக்கதாக்கும் எக்ஸ்ஆர் கிராப் இன்டராக்டபிளில் செலக்ட் மோட் 'சிங்கிள்' என்றே இருந்தால் இரண்டாவது கை துணியைப் பறித்துக்கொள்ளும், 'மல்ட்டிபிள்' ஆக்குங்கள். திருப்புவதில் இன்னொரு சிக்கல். கைகள் 40 செ.மீ. விலகியிருக்கையில் ஒரு கை 1 செ.மீ. நடுங்கினால் துணி சுமார் 1.4 பாகைதான் திரும்பும், 10 செ.மீ. இடைவெளியில் அதே நடுக்கம் ஏறத்தாழ 6 பாகை. ஆகவே 15 செ.மீ.க்குக் கீழே திருப்புவதை நிறுத்தி, அளவு மாற்றத்தை மட்டும் விடலாம்.

கயிற்றுப் பிடி நடுவில் தொங்குவது. இழுப்பது வலக்கைதான் என்று நிரலில் கட்டிவைக்க வேண்டாம். முதலில் பிடிக்கும் கையே இழுக்கும் கையாகட்டும்.